மணிக்கு

எனக்குச் சைக்கிள் ஓட்டத் தெரியாது.
முதலிலேயே சொல்லிவிடுகிறேன்,
பின்னால் தெரிந்தால் இன்னும் சிரிப்பீர்கள்.

அறுநூற்று நாற்பத்திரண்டு துண்டுகள் என்னிடம்.
பின்சக்கரத்துக்கு வலை போட்ட
பெண்கள் சைக்கிள் விளம்பரம் ஒன்று:
வலை அப்படியே இருக்கிறது,
புடவையைத்தான் செல் அரித்துவிட்டது.
இரண்டு நாள் காலூன்றாமல் சுற்றியவனின் படம்:
ரூபாய் நோட்டு மாலை துலக்கம்,
முகம் வெறும் மை.
வாடகை மணிக்கு ஓரணா என்று ஒன்று.
'காணவில்லை, பச்சை நிறம், மணி கிடையாது,
கண்டவர் கூத்தப்பாக்கம் வந்து சொல்லவும்'
என்று ஒன்று. யாரிடம் சொல்வது என்று இல்லை.
அவசரத்தில் பெயரை விட்டுவிட்டார் போல.

இம்பீரியல் சாலை பழைய பேப்பர் கடையில்
தராசில் ஏற்றுமுன் பத்து நிமிஷம்
எனக்கென்று ஒதுக்குவார் கமாலுதீன்.
டிபன் பாக்ஸோடு கத்தரிக்கோல் வைத்திருப்பேன்.
வேண்டியதை வெட்டிக்கொண்டு
ஓட்டை விழுந்த தாளைத் திருப்பிக் கொடுத்துவிடுவேன்.
அது கருவாட்டுக்குப் போகும், பஜ்ஜிக்குப் போகும்.
துண்டின் முதுகில் என்ன இருக்கிறதென்று
ஒருநாளும் பார்த்ததில்லை.

பார்க்க வைத்தவர் தயாளமூர்த்தி.
துறைமுக அலுவலகத்தில்
புயல் கூண்டு ஏற்றுகிற வேலை.
ஒன்றாம் எண், மூன்றாம் எண் என்று
ஊருக்குப் பயத்தை எண்ணிக் கொடுப்பவர்.
அவர் சேர்ப்பது புயல்கள்.
கமாலுதீன்தான் அனுப்பியிருக்கிறார்:
'ஓட்டை போடுற ஆள் ஒருத்தர் இருக்கார், போய்ப் பாருங்க.'

எனக்குப் பிடித்ததைத்தான் முதலில் காட்டினேன்.
மஞ்சக்குப்பம் கோர்ட். செவ்வாய் இரவு
விளக்கில்லாமல் சைக்கிள் விட்ட பதினோரு பேர்.
பத்துப் பேர் ஒப்புக்கொண்டு பணம் கட்டினார்கள்.
தையற்காரர் தெய்வநாயகம் மட்டும்
காற்று அணைத்துவிட்டது என்றார்.
மூன்று முறை ஏற்றினேன் என்றார்.
தீப்பெட்டி தீர்ந்துபோனது என்றார்.
மாஜிஸ்திரேட் நம்பவில்லை.
ஒரு ரூபாய் எட்டணா.

தயாளமூர்த்தி படித்து முடித்து
நகம் படாமல் திருப்பினார்.
முதுகில் துறைமுக அதிகாரியின் அறிக்கை,
மூன்றே முக்கால் வரி:
'செவ்வாய் இரவு கடலூரில் காற்று மணிக்கு'

அவ்வளவுதான். அங்கே என் கத்தரி.

தேதி இருந்த மூலையும் போயிருந்தது.
வெகுநேரம் பேசவில்லை அவர்.
பிறகு 'எவ்வளவு?' என்றார்.
விலை கேட்கிறார் என்று நினைத்து
விற்பதற்கில்லை என்றேன்.
அவர் காற்றைக் கேட்டிருக்கிறார்.

அந்தத் தாளை வெட்டி நாலு வருஷம்.
கமாலுதீன் யோசித்துப் பார்த்துவிட்டு
'அந்த லோடு பண்ருட்டிக்குப் போச்சே' என்றார்.
ஒரு கிலோ முந்திரியைச் சுற்றிக்கொண்டு
எந்த ஊர் பஸ் ஏறியதோ அந்த எண்.
எண்பதாக இருந்தால் தெய்வநாயகம் யோக்கியன்.
எட்டாக இருந்தால் மாஜிஸ்திரேட்.
இரண்டுக்கும் நடுவில்
ஒரு மில்லிமீட்டர் கனமில்லாத காகிதம்.

இரண்டு கண்ணாடிக்கு நடுவே வைத்து
நாலு பக்கமும் ஒட்டிவிட்டோம்.
ஒரு மாசம் அவர் வீட்டில், ஒரு மாசம் என் வீட்டில்.
இந்த மாசம் அவருடையது.
கொடுக்கப் போனவனை
'பஸ் ஸ்டாண்டில் விடுகிறேன், ஏறுங்க' என்று
கேரியரைத் தட்டினார்.

உப்பனாற்றிலிருந்து காற்று ஏறி வந்தது.
டைனமோ முனகியது. சட்டை காதில் அடித்தது.
'இது எவ்வளவு இருக்கும்?' என்றேன்.
முகத்தை ஒருபக்கம் திருப்பி
'பதினாலு நாட்' என்றார்.
'தீப்பெட்டி தீருமா?'
அதற்குப் பதில் இல்லை,
மிதிப்பதில் மூச்சு போய்க்கொண்டிருந்தது.

பாலத்து ஏற்றத்தில் இறங்கித் தள்ளினார்.
நானும் இறங்கவேண்டும் என்பது
எனக்குக் கொஞ்சம் தாமதமாகத்தான் தெரிந்தது.